துக்கத்தோடு கொலை வழக்குக்குத் திரும்பும் புலனாய்வு அதிகாரி: எங்கே சறுக்கும், எப்படித் தாங்குவது

வீட்டில் ஒரு சாவு நடந்து, விடுப்பு முடிந்து, அதிகாரி வேலைக்குத் திரும்புகிறார். எங்கே எல்லார் முன்னாலும் உடைந்து அழுதுவிடுவாரோ என்றுதான் கூட இருப்பவர்கள் பயப்படுவார்கள். அழுகையால் எந்த வழக்கும் கெட்டதில்லை. 14:10 என்று எழுத வேண்டிய இடத்தில் 12:40 என்று எழுதினால் கெடும். துக்கத்தில் எளிதில் அடிவாங்குவது, சற்றுமுன் கேட்டதை மனதில் நிறுத்திவைக்கும் திறன்.

அதனால் முதல் சில வாரங்களுக்குத் தடயப் பொருள் பதிவேட்டை அவர் ஒருவர் கையில் மட்டும் விடாதீர்கள். வரிசை எண், எடுத்த இடம், எடுத்தவர், நேரம், முத்திரை அடையாளம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது: இதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேதான் விரல் வைப்பார். எடுத்த இடத்திலேயே எழுத வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுவது நல்ல நாளிலேயே தப்பு. பக்கத்தில் இன்னொருவர் சத்தமாகப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

களைத்த கை எட்டியதை எடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம், ஈரமான ரத்தத் துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுவது. ஈரம் உள்ளேயே தங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, டிஎன்ஏ சிதைந்துவிடும். காற்றாட உலர்த்தி, காகித உறையில்தான் போட வேண்டும். சம்பவ இடத்துக்குக் கொண்டுபோகும் கருவிப் பையில் காகித உறைகளை மேலேயும் பிளாஸ்டிக்கை அடியிலும் வைத்தாலே பாதித் தவறு குறையும்.

*

பதிவேட்டை அவர் கையில் மட்டும் விடக்கூடாது என்றதும், "அப்படியென்றால் சிசிடிவி பார்க்கட்டும், அது இலகு" என்று ஒரு மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். அது இலகுவே இல்லை. ஆளில்லாத தெருவை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் சொந்தச் சாவுக்குத்தான் போகும், கண் திரையில் இருந்தாலும். இரண்டு பேராக உட்காருங்கள், மணிக்கு ஒரு தடவையாவது எழுந்திருங்கள்.

பார்க்கும் முன் கடிகாரப் பிழையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவுக் கருவியின் திரை நேரத்துக்குப் பக்கத்தில் சரியான நேரம் காட்டும் கைபேசியைப் பிடித்து, இரண்டும் தெரிய ஒரே படமாக எடுங்கள். "கருவி 7 நிமிடம் 40 வினாடி முந்துகிறது" என்று எழுதிவிட்டு அப்புறம் நகலெடுங்கள். முந்துகிறதா பிந்துகிறதா என்பதைச் சொல்லில் எழுத வேண்டும், வெறும் கூட்டல் கழித்தல் குறி போடக்கூடாது. குறி தலைகீழானால் காலவரிசையில் 15 நிமிடத்துக்கு மேல் பிசகும். நகலெடுப்பதைத் தள்ளிப்போடவும் முடியாது. பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும் கருவிகள்தான் பெரும்பாலும். அவர் தேறி வரட்டும் என்று காத்திருந்தால் காட்சி அழிந்துவிடும்.

*

சம்பவ இடத்துப் படங்களை அவருக்கு எடுத்தவுடன் காட்டக்கூடாது. முதலில் வரைபடத்தையும் எழுத்து விவரத்தையும் படிக்கவையுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தபின் படங்கள். படங்களையும் முதலில் சிறிய அளவில், கறுப்பு வெள்ளையில். காணொளியாக இருந்தால் முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு. படுக்கப்போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். பிணவறை வாசனைக்கு மட்டும் இப்படி ஒத்திகை கிடையாது. மருத்துவமனையில் நெடுநாள் உறவினரைப் பார்த்துக்கொண்டவரை ரத்தத்தைவிடக் கிருமிநாசினி வாசனை அதிகம் உலுக்கும்.

கொல்லப்பட்டவரின் வயதோ சாவின் விதமோ அவருடைய இழப்பை அப்படியே ஒத்திருந்தால் வேறு வழக்கைக் கொடுங்கள். அது அவருக்குச் செய்யும் சலுகை என்று நினைக்க வேண்டாம், வழக்குக்குச் செய்யும் நன்மை. துக்கத்தில் இருப்பவருக்கு விடை உடனே வேண்டும். இறந்த நேரத்தைக் கணிப்பதையே பாருங்கள்: இறந்தபின் உடல் விறைப்பு சுமார் 2 முதல் 4 மணி நேரத்தில் தொடங்கி, 12 மணி நேர அளவில் உடல் முழுதும் பரவும். வெப்பத்தில் சீக்கிரம், குளிரில் தாமதம். ஆக அது ஒரு வரம்பைத்தான் தரும். அதிலிருந்து "இரவு ஒன்பதரை" என்று ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டால், அந்த நேரத்துக்குப் பொருந்தாத சாட்சியெல்லாம் பொய் சொல்பவராகவே தெரிவார்.

*

கொல்லப்பட்டவர் குடும்பத்தைச் சந்திக்க அந்த அதிகாரி போகக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், தனியாகப் போகக்கூடாது. நேரில், இரண்டு பேராக, உட்காரவைத்து, "இறந்துவிட்டார்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். "தவறிட்டார்", "போயிட்டார்" எல்லாம் அதிர்ச்சியில் இருப்பவர் காதில் வேறு மாதிரி விழும்: எங்கே தவறினார், எங்கே போனார்? சொந்த இழப்பை எடுத்துச் சொல்வது அடுத்த பிழை. அந்தக் கணமே குடும்பம் அவருக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கும். சாட்சியும் அப்படித்தான், அதிகாரியின் மனம் நோகக்கூடாதென்று அவர் விரும்பும் பதிலையே தரப் பார்ப்பார். "கண்டிப்பாகப் பிடித்துவிடுவேன்" என்ற வாக்கு எல்லாவற்றையும்விட மோசம்.

*

தூக்கத்தையும் சேர்க்க வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் வேகமும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதற்குச் சமமாகக் குறைவதாக ஆய்வுகள் உண்டு. இரவு முழுக்கத் தூங்காதவர் காலையில் கைது முடிவு எடுக்கிறார் என்றால், வழக்கைப் பார்த்திராத ஓர் அதிகாரி கோப்பைப் படித்து, சந்தேக நபர் குற்றவாளி இல்லை என்பதற்கான காரணங்களை மட்டும் எழுதித் தரட்டும்.

திங்கள் நன்றாக இருந்தார், செவ்வாய் உட்காரக்கூட முடியவில்லை என்றால் பின்னுக்குப் போகிறார் என்று அர்த்தமில்லை. துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபே, ஷூட் இருவரும் 1999-இல் முன்வைத்த "இரட்டைப் போக்கு மாதிரி" என்ற விளக்கம் சொல்வதே இந்த ஊசலாட்டத்தைத்தான்: கொஞ்ச நேரம் இழப்பை நோக்கி, கொஞ்ச நேரம் அன்றாட வேலையை நோக்கி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு, துக்கம் குறைந்தது 6 மாதம் நீடித்தால்தான் அதை நீடித்த துக்கக் கோளாறாகக் கருதலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆறே வாரத்தில் "இன்னும் தேறவில்லையா" என்று கேட்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

அதிகாரி இழந்த உறவினரின் பிறந்தநாள், நினைவுநாள் இரண்டையும் அவரிடமே கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்த வாரத்தில் பிரேதப் பரிசோதனைக்கு நிற்பது, நீண்ட விசாரணை நடத்துவது இரண்டையும் இன்னொருவர் பார்க்கட்டும். நீதிமன்றத் தேதி அதே நாளில் விழுந்து மாற்ற முடியாமல் போனால், முந்தின நாள் அவருடைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஒரு சக அதிகாரி அவரோடு ஒருமுறை முழுதும் படித்துவிட வேண்டும், நேரங்களை மட்டும் இரண்டு முறை.