ஃபெலா குட்டியின் 'ஸோம்பி' யாரைக் குற்றம் சாட்டுகிறது?

கடலோரன்:
1976-இல் நைஜீரியாவில் பாடகர் ஃபெலா குட்டி வெளியிட்ட 'ஸோம்பி' இசைத்தட்டை, ஆஃப்ரோபீட் என்ற மேற்கு ஆப்பிரிக்க நடன இசையின் தலைசிறந்த எதிர்ப்புக் குரலாகக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சொன்னதைச் செய்யும் நடைபிணங்கள் என்று அது சிப்பாய்களை எள்ளுகிறதே தவிர, அன்று நாட்டை ஆண்ட ராணுவத் தளபதி ஒபசாஞ்சோவின் பெயரை ஓரிடத்திலும் உச்சரிக்கவில்லை. எய்தவன் இருக்க, வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவனை நோவது என்ன அரசியல்?

தாளவேணி:
அம்புக்கு மனம் கிடையாது, சிப்பாய்க்கு உண்டு. பாட்டின் கேள்வியே அதுதான். 12 நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டில் டோனி ஆலனின் டிரம்ஸும் கிதார்களும் சாக்ஸபோனும் வெகுநேரம் நம்மை ஆட வைத்த பிறகே குரல் வருகிறது. அட்டென்ஷன், குவிக் மார்ச், ஹால்ட் என்று ஃபெலா அணிவகுப்பு ஆணைகளை அடுக்க, பின்பாட்டுப் பெண்கள் 'ஸோம்பி' என்று பதில் கொடுக்கக் கொடுக்க, மக்களை மிரட்டிவந்த சொற்கள் நடன அரங்கில் கேலிக்குரியவை ஆகிவிடுகின்றன. நைஜீரியாவின் பொதுப் பேச்சுமொழியான பிட்ஜின் ஆங்கிலத்தில் பாடியதால் அவருடைய தாய்மொழியான யொரூபா அறியாதவர்களுக்கும் அது எட்டியது.

1977 பிப்ரவரி 18 அன்று ஏறத்தாழ 1,000 சிப்பாய்கள் 'கலகூட்டா குடியரசு' என்று ஃபெலா பெயரிட்டிருந்த தம் வீட்டைச் சூழ்ந்து எரித்தார்கள். அவருடைய தாய் ஃபுன்மிலாயோவைச் சன்னல் வழியே தூக்கி வீசினார்கள். அந்தத் தாய் மறு ஆண்டு ஏப்ரலில் இறந்தார். அரசு விசாரணையோ 'அடையாளம் தெரியாத சிப்பாய்' மீது பழியைப் போட்டு முடிந்தது. ஆணையிட்டவருக்கும் பொறுப்பில்லை, நிறைவேற்றியவருக்கும் பெயரில்லை என்ற அந்த நிலையைத்தானே பாட்டு முன்பே பாடியது?

கடலோரன்:
அந்தக் கொடுமையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரசின் வெறியை வைத்துப் பாட்டின் கூர்மையை அளக்க முடியாது; அதே ஆண்டுத் தொடக்கத்தில் லாகோஸில் அரசு நடத்திய ஃபெஸ்டாக் கலைவிழாவை ஃபெலா புறக்கணித்ததும் ஆட்சியாளர்களைச் சினமூட்டியிருந்தது. பின்னர் அவர் தாயின் பெயரால் ஒரு சவப்பெட்டியை ராணுவ ஆட்சியின் தலைமையிடமான டோடன் பாரக்ஸின் வாசலுக்கே கொண்டுபோனார். அதைப் பற்றிய 'காஃபின் ஃபார் ஹெட் ஆஃப் ஸ்டேட்' பாட்டில் ஒபசாஞ்சோவையும் ஆட்சியில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த யாரடுவாவையும் பெயர் சொல்லியே சாடினார். என் கணக்கில் அதுதான் முழுமையான எதிர்ப்பு.

தாளவேணி:
அது உயர்ந்த பாட்டு. ஆனால் ஒரு மகனின் வழக்கு, ஓர் ஆட்சியின் மீதான வழக்கு. 'ஸோம்பி'யில் பெயர் இல்லாததால்தான் அது எல்லை தாண்டியது. 1978-இல் கானா தலைநகர் அக்ராவில் அதை இசைத்தபோது கலவரம் வெடித்தது. அப்போது கானாவையும் ராணுவம்தான் ஆண்டுகொண்டிருந்தது. கேட்டவர்கள் தங்கள் தளபதிகளின் பெயரைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள் என்றே நான் கருதுகிறேன். தட்டின் மறுபக்கத்தில் உள்ள 'மிஸ்டர் ஃபாலோ ஃபாலோ' கண்ணை மூடிக்கொண்டு பின்தொடரும் எவரையும் நோக்கிப் பேசுகிறது என்பதையும் கவனியுங்கள்.

கடலோரன்:
அக்ராவைப் பற்றிய உங்கள் வாதம் வலுவானது. ஆயினும் 1970-இல் முடிந்த உள்நாட்டுப் போருக்காகத் திரட்டப்பட்ட படையில், வேறு பிழைப்பு வாய்க்காமல் தங்கிவிட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆணையை மறுத்தால் அவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு அந்தப் பாட்டில் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.