அப்டேட்: கேரவன் ஆடுதுன்னு கேட்டிருந்தேன்ல, காரணம் கிடைச்சாச்சு

போன தடவ, 80 கிமீ வேகம் தாண்டினா கார் பின்னாடி இழுத்துட்டு போற கேரவன் வால் ஆட்டுது, காரோட இழுவை லிமிட் 2000 கிலோ, கேரவன் காலியா 1500 தான், அப்புறம் என்ன பிரச்சனைன்னு கேட்டிருந்தேன். "முதல்ல எடை மேடைக்கு போங்க"ன்னு நிறைய பேர் சொன்னீங்க, போனேன்.

சாமான் ஏத்தினதுக்கு அப்புறம் 1860. அதுகூட லிமிட்டுக்குள்ளதான், ஆனா கார்ல கேரவன மாட்டுற கொக்கி மேல இறங்குற எடை வெறும் 90 கிலோ, கேரவன் எடையில 5 சதவீதம்கூட இல்ல, சுமாரா 10 இருக்கணும். பின்னாடி இருக்குற தண்ணி டேங்க் நிரம்பினா 80 லிட்டர், அதாவது 80 கிலோ, அதுக்கும் பின்னால ரெண்டு சைக்கிள கட்டி தொங்க விட்டவன் வேற யாருமில்ல, நான்தான். சைக்கிள எறக்கி, டேங்க காலி பண்ணி, கனமானதெல்லாம் கேரவன் ஆக்சிலுக்கு (சக்கரம் மாட்டியிருக்குற அச்சு) கொஞ்சம் முன்னாடி தரையோட வச்சதும் கொக்கி எடை 175 ஆச்சு, ஆட்டமும் போச்சு.

ஆனா அந்த 175ம் கார் சுமக்குற கணக்குல சேரும்னு யாருக்கு தெரியும்! கார் தாங்குறது 500, ஆளுங்க 300, டிக்கில 90, மொத்தம் 565. டிக்கி சாமான்ல பாதி கேரவன் ஆக்சில் மேல, மீதி வீட்லயே.

ஆடும்போது பிரேக்க அழுத்தாம ஆக்ஸிலரேட்டர மட்டும் மெதுவா விடுங்கன்னு சொன்ன அண்ணனுக்கு தனியா ஒரு நன்றி, நான் இத்தன நாளா நேர் எதிரா பண்ணிட்டு இருந்தேன். காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்குன்னு தனி லிமிட் இருக்காமே, அடுத்து அதத்தான் மேனுவல்ல தேடிட்டு இருக்கேன்.