பாஸ்ட் பெர்ஃபெக்டுக்குத் தமிழில் ஒரு பெயர்: முன்னிறந்தகாலம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் கற்போருக்காகத் தமிழ்க் குறிப்புகளுடன் தொகுக்கப்படும் சிறுகதைகளுக்குரிய சொற்பட்டியலில், பாஸ்ட் பெர்ஃபெக்ட் (‘ஹேட் டேக்கன்’ போன்ற ஆங்கில வினைவடிவம்) என்பதற்கு நேராக ‘இறந்தகால முற்று’, ‘நிறைவுற்ற இறந்தகாலம்’ ஆகிய இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் விடுத்து ‘முன்னிறந்தகாலம்’ என்று ஆளலாம் என்பது என் பரிந்துரை. இந்த ஒரு பெயர் பிழைபட்டால் கதையில் எது முதலில் நடந்தது என்பதே மாணவருக்குப் பிடிபடாமல் போகும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘முற்று’. கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளிலும் மூணாற்றுத் தோட்டங்களிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் வினைமுற்று, வினையெச்சம் ஆகியவற்றைத் தமிழ்ப் பாடத்தில் படித்துவிட்டுத்தான் ஆங்கில இலக்கணத்திற்கு வருகிறார்கள். அவர்கள் அறிந்த முற்றுக்கு எதிர்ச்சொல் எச்சம். செயல் முடிந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘நாளை வருவான்’ என்பதில் வருதல் இன்னும் தொடங்கவே இல்லை, ஆயினும் ‘வருவான்’ வினைமுற்றுதான். நன்னூல் வழியே வேரூன்றிவிட்ட ஒரு கலைச்சொல்லை, வேறொரு பொருளில், அதே வகுப்பறையில், அடுத்த பாடவேளையில் ஆளுவது மாணவருக்குச் செய்யும் தீங்கு.

‘நிறைவு’ என்பதன் குறை வேறு வகையானது. செய்து முடிக்கப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்துதான் பெர்ஃபெக்ட் என்ற பெயர் வந்தது. இந்தி இலக்கணத்திலும் பூர்ண பூத காலம் என்பர். ஆகவே மொழிபெயர்ப்பு என்ற அளவில் நிறைவு சரியே. ஆனால் கதைக்குள் அது எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. குறிப்பு எழுதுவதற்காக நான் அமைத்த மூன்று தொடர்களைப் பாருங்கள்:

“ஷி ஓப்பன்ட் தி பாக்ஸ். தி லெட்டர் வாஸ் நாட் தேர். ஹெர் சன் ஹேட் டேக்கன் இட்.”

பெட்டியைத் திறந்ததும் முடிந்த செயல், மகன் கடிதத்தை எடுத்ததும் முடிந்த செயல். நிறைவு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. மூன்றாம் தொடர் சொல்லும் செய்தி, மகனின் செயல் தாயின் செயலுக்கு முன்பே நடந்துவிட்டது என்பது. ‘ஹேட் டேக்கன்’ என்பதை ‘டுக்’ என்று மாற்றிவிட்டால், தாய் பெட்டியைத் திறந்த பிறகு மகன் வந்து எதையோ எடுத்தான் என்றும் ஒரு மாணவர் படிக்கக்கூடும். பெட்டி ஏன் வெறுமையாக இருந்தது என்பதற்கு விடை கிடைக்காமல் போகும். இங்கே இலக்கணமே கதைப்பொருளைத் தாங்கி நிற்கிறது. எனவே குறிப்பில் இடவேண்டிய பெயர் ‘முன்’ என்பதைத் தன்னுள் கொண்டிருக்க வேண்டும்.

‘எடுத்திருந்தான் என்று தமிழில் சொன்னால் போதுமே, பெயர் எதற்கு’ என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எல்லைப் பகுதியில் அது போதாது. ‘நேற்றுச் சந்தைக்குப் போயிருந்தேன்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். அதற்குப் பின் நடந்த வேறொரு செயல் அந்தத் தொடரில் இல்லை. அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் மலையாளத்திலும் ‘ஞான் இன்னலெ வந்நிருந்நு’ என்பது அவ்வாறே தனித்து நிற்கும். இரு மொழியும் ஒருமுகமாகத் தரும் இந்தப் பழக்கத்தால்தான் ‘எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு தி மார்க்கெட்’ என்று பிள்ளைகள் தயங்காமல் எழுதுகிறார்கள். ‘இருந்தேன்’ என்பதற்கு ‘ஹேட்’ என்று ஈடு சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிழை மேலும் உறுதிப்படும். பெயரில் ‘முன்’ இருந்தால், ‘எதற்கு முன்?’ என்ற கேள்வியை ஆசிரியர் உடனே கேட்கலாம். விடை இல்லாத இடத்தில் ‘ஹேட்’ வேண்டியதில்லை என்று மாணவரே அறிந்துகொள்வார்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழியன்று. ஜெர்மன் மொழியில் இதற்கு வழங்கும் ‘ஃபோர்ஃபெர்காங்கென்ஹைட்’ என்ற பெயருக்கு நேர்ப்பொருளே முன்னிறந்தகாலம்தான். டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சனும் ஆங்கிலத்தில் ‘பிஃபோர்-பாஸ்ட்’ என்று இதைக் குறித்தார். மெய்யியல் அறிஞர் ஹான்ஸ் ரைஷன்பாக் 1947இல் வகுத்த முறையில் பேசும் நேரம், செயல் நிகழ்ந்த நேரம், நோக்கும் நேரம் என மூன்று புள்ளிகள் உண்டு. நம் கதையில் பேசும் நேரத்திற்கு முன் நோக்கும் நேரமாகிய பெட்டி திறந்த கணமும், அதற்கும் முன் செயல் நேரமாகிய கடிதம் எடுத்த கணமும் அமைகின்றன. தொல்காப்பியம் ‘காலம் தாமே மூன்றென மொழிப’ என்று வகுத்த மூன்றுக்குள்ளேயே, இறந்தகாலத்தின் உட்பிரிவாக இது அடங்கும். நான்காவதாக ஒரு காலத்தைப் படைத்ததாகாது.

சொல்லமைப்பைப் பற்றி இரண்டு ஐயங்கள் எழுந்தன. ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்ற விதிப்படி முன் + இறந்த என்பது முன்னிறந்த என்றே புணரும்; ஆகவே எழுத்துமுறையில் சிக்கலில்லை. ‘முன்பே இறந்துபோன’ என்று பொருள்பட்டுவிடாதா என்று அம்மையார் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்காக ‘முற்கடந்தகாலம்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பள்ளிப் பாடத்தில் இறந்தகாலம் என்று நிலைத்திருக்கையில், உட்பிரிவுக்கு மட்டும் கடந்தகாலம் என்பது உறவை மறைத்துவிடும். ‘காலம்’ என்பதைப் பிரிக்காமல் ஒரே சொல்லாக அச்சிட்டால் மயக்கம் பெரிதும் குறையும்.

பின்னோக்குப் பகுதிகளில் மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு தேவைப்படும். ஆங்கிலக் கதையாசிரியர்கள் பழைய நிகழ்ச்சிக்குள் நுழையும்போது ஓரிரு தொடர்களில் ‘ஹேட்’ இட்டுவிட்டு, பிறகு எளிய இறந்தகாலத்திலேயே பல பத்திகள் சொல்லிச் செல்வதுண்டு. அங்கெல்லாம் வடிவம் இறந்தகாலம், கதையின் காலம் முன்னிறந்தகாலம். பின்னோக்கு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் ஓரக்குறிப்பால் காட்டிவிட வேண்டும். இல்லையேல் மாணவர் அங்கேதான் வழி தவறுவார்.

ஃப்யூச்சர் பெர்ஃபெக்டுக்கு ‘முன்னெதிர்காலம்’ இதே முறையில் பொருந்தும். பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கு ‘முன்னிகழ்காலம்’ என்று நீட்டுவதை நான் ஏற்கவில்லை. அது முடிந்த செயல் இப்போதோடு கொண்ட தொடர்பைக் காட்டுவது, அதற்குத் தனிப்பெயர் வேண்டும். அதைத் தனி இழையில் பேசலாம். இப்போதைக்கு மேற்கண்ட கதையின் அடிக்குறிப்பு இவ்வாறு அமையலாம் என்று முன்வைக்கிறேன்:

ஹேட் டேக்கன்: எடுத்துவிட்டிருந்தான். முன்னிறந்தகாலம். எதற்கு முன்? தாய் பெட்டியைத் திறப்பதற்கு முன்.

மறுப்பு இருப்பின் எடுத்துக்காட்டுத் தொடருடன் எழுத வேண்டுகிறேன்.