ஆலிவ் சக்கை பிஸ்கட்டை நம்பி மாத்திரையை விடலாமா?

கீழக்கரைப் பெண்:
துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) போன வாரம் ஊருக்கு வந்தபோது வாப்பாவுக்கென்று ஆறு பாக்கெட் பிஸ்கட் கொண்டுவந்தார். ஆலிவ் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைக் காயவைத்து, பொடியாக்கிச் சேர்த்ததாம், இதயத்துக்கு நல்லது என்று அட்டையில் போட்டிருக்கிறது. வாப்பாவுக்குப் போன வருஷம்தான் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது காலையில் நாலு, சாயங்காலம் நாலு என்று அதைத் தின்றுகொண்டு, கொழுப்பு மாத்திரை இனி எதற்கு என்று கேட்கிறார். உம்மா பயந்துபோய் இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தான்:
தங்கச்சி, முதலில் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள், ஸ்டென்ட் வைத்த உடம்பு அது. அப்புறம், எண்ணெய் எடுத்த சக்கைக்கு நம் ஊரில் புண்ணாக்கு என்று பெயர், ஊறவைத்து மாட்டுக்கு வைப்போம். அதையே பளபளப்பான அட்டையில் போட்டால் மருந்தாகிவிடுமா? விடிகாலையில் கரைக்கு வரும் சூடை மீனிலும் சாளை மீனிலும் இதயத்துக்கு வேண்டிய ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு இருக்கிறது, விலையும் கைக்கு அடக்கம். நம் கடலில் கிடைப்பதை விட்டுவிட்டு, எங்கோ பிழிந்த சக்கையைத் தேடுவதுதான் எனக்கு வருத்தம்.

மண்டபம் மாணவி (உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன்):
அண்ணே, மாத்திரை விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் புண்ணாக்கு என்ற ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடாதீர்கள். ஆலிவ் காயில் பாலிஃபீனால் என்ற சத்துகள் உண்டு, அந்தக் காயின் கசப்பே அவற்றிலிருந்துதான் வருகிறது. அவை எண்ணெயைவிட நீரில் எளிதாகக் கரையும். அதனால் பிழியும்போது எண்ணெயோடு போவது சுமார் 2 சதவீதம்தான், மற்றதெல்லாம் கழிவுநீரிலும் சக்கையிலும் தங்கிவிடுகிறது. ஹைட்ராக்ஸிடைரோசோல் அதில் முக்கியமானது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போனால் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது கூடும், அந்தக் கெடுதலைத் தடுக்க இது உதவுகிறது. இன்னொன்று, அந்தக் கழிவுநீரை அப்படியே வயலில் கொட்டினால் பயிர் கருகிவிடும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அது பெரிய தலைவலி. அந்தக் கழிவிலிருந்தே சத்தைப் பிரித்து ரொட்டியிலும் பாஸ்தாவிலும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு அது நல்ல வேலையாகத்தான் தெரிகிறது.

தொண்டி மருந்துக்கடை:
மாணவி சொன்ன அறிவியல் உண்மை, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அனுமதித்த வாசகத்தைப் பாருங்கள். 20 கிராம் ஆலிவ் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசோலும் அதன் வகைகளும் குறைந்தது 5 மில்லிகிராம் இருந்தால்தான் எல்.டி.எல். பாதுகாப்பைப் பற்றி அட்டையில் எழுதலாம். அதுவும் எண்ணெய்க்கு மட்டும், பிஸ்கட்டுக்கு இல்லை. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பிரெடிமெட் ஆய்வு 2013இல் வந்தது, ஆட்களைப் பிரித்ததில் குறை இருந்ததால் 2018இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். அதில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தது நல்ல ஆலிவ் எண்ணெயோ பாதாம் போன்ற கொட்டை வகையோ சேர்த்த சாப்பாட்டு முறையில். சக்கைத் தூளை வைத்து அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. தங்கச்சி, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது?

கீழக்கரைப் பெண்:
இப்போதுதான் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். மைதா, சர்க்கரை, பாமாயில், ஆலிவ் தூள் 2 சதவீதம், உப்பு. பாலிஃபீனால் எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் இல்லை. ஒன்றை உடைத்துப் பார்த்தால் பச்சையும் பழுப்புமாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள், வாயில் போட்டால் வெறும் இனிப்பு. ஒரு பிஸ்கட் 10 கிராம். வாப்பா தின்னும் எட்டுக்கும் கணக்குப் போட்டால் ஆலிவ் தூள் ஒன்றரை கிராம் சொச்சம்தான் வருகிறது. வாப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, அதை முதலில் எழுத மறந்துவிட்டேன்.

தங்கச்சிமடத்தான்:
பார்த்தீர்களா! அந்த ஒன்றரை கிராமுக்காக எண்பது கிராம் மைதாவையும் சர்க்கரையையும் உள்ளே தள்ளுகிறார். இதைத்தானே நான் சொன்னேன்.

மண்டபம் மாணவி:
அளவு போடாமல் இதயம் என்று எழுதுவது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரு மோசமான பிஸ்கட்டை வைத்து ஆலிவ் முழுவதையும் தீர்த்துக்கட்டாதீர்கள். ஆலிவ் இலைச் சாறு 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, எட்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் கேப்டோப்ரில் என்ற பிரஷர் மாத்திரைக்கு நெருக்கமாக ரத்த அழுத்தம் குறைந்ததாக 2011இல் இந்தோனேசியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. அப்புறம் அண்ணே, மீன் என்று சொல்லும்போது கருவாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் அது எங்கே நிற்கும்?

தங்கச்சிமடத்தான்:
அதை மறுக்கமாட்டேன். எங்கள் அப்பாவுக்குப் பிரஷர் வந்தபோது டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது கருவாட்டைத்தான், அவருக்கு அது இல்லாமல் கஞ்சி இறங்காது, இரண்டு மாதம் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நான் சொல்வது பச்சை மீன், ஆணம் (குழம்பு) வைத்துத் தின்பது, எண்ணெயில் முக்கிப் பொரிப்பது இல்லை.

தொண்டி மருந்துக்கடை:
மாணவி காட்டிய இலைச் சாறு ஆய்வைப் படித்துவிட்டு யாரும் அதை வாங்கித் தர வேண்டாம். அழுத்தம் குறையும் என்றால், ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் கேட்காமல் கூடாது.

மண்டபம் மாணவி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சக்கையை உணவாக்கும் ஆராய்ச்சி வீண் என்று யாராவது சொன்னால் நாளைக்கும் வந்து சண்டை போடுவேன்.

கீழக்கரைப் பெண்:
நீங்கள் எழுதியதையெல்லாம் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆலிவ் தூள் 2 சதவீதம்தான் என்று கேட்டதும் பாக்கெட்டைக் கையில் வாங்கிக் கண்ணாடி போட்டுத் தானே ஒருமுறை பார்த்தார், பிறகு ஒன்றும் பேசவில்லை. இரவு உம்மா மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார், வாங்கிப் போட்டுக்கொண்டார். நாளைக்குச் சாளை கிடைத்தால் வாங்கச் சொல்லியிருக்கிறார்.