அப்பாவின் பழைய எம்.ஜீ.ஏ. காரைக் கண்டுபிடிக்க வழி உண்டா? கொழும்பு, 1959–1974

மூத்த மகள், வெள்ளவத்தை

வணக்கம். அப்பாவிடம் 1959 முதல் 1974 வரை ஒரு சிவப்பு எம்.ஜீ.ஏ. திறந்த கார் இருந்தது. 1974இல் கண்டிப் பக்கத்து ஒருவருக்கு விற்றார். வாங்கியவரின் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது, அப்பாவும் இப்போது இல்லை. கையில் இருப்பது மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஒன்றில் இலக்கத் தகடு பாதி தெரிகிறது: 1 ஸ்ரீ, அதன் பிறகு 4. மீதி மூன்று எண்களைக் காருக்கு முன்னால் நிற்பவரின் கால் மறைக்கிறது. பதிவுப் புத்தகம் காரோடு போய்விட்டது.

நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய்க் கேட்டால் சொல்வார்களா? கார் கிடைத்தால் அதுதான் அப்பாவுடையது என்று எப்படி உறுதி செய்வது? திரும்ப வாங்கும் எண்ணம் இல்லை. எங்கே இருக்கிறது என்று அறிந்து ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அபிங்டன்

அக்கா, இலக்கத் தகட்டை வைத்துப் போனால் பத்திரத்தைத்தான் பிடிப்பீர்கள். காரைப் பிடிக்க, காரின் அடிச்சட்டத்துக்குத் தொழிற்சாலை கொடுத்த செஸி இலக்கம் வேண்டும். ஆகவே தேடலின் முதல் வேலை அந்தச் செஸி இலக்கத்தை எங்கிருந்தாவது எடுப்பது.

அதற்கு முன் படங்களை வைத்து மொடலை உறுதி செய்யுங்கோ. எம்.ஜீ.ஏ. 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் மொத்தம் 101,081 கட்டப்பட்டது. அதில் முதலில் வந்த 1500 மட்டும் 58,750. கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லையென்றால் அது திறந்த கார். கைப்பிடி இருந்தால் கூரை மூடிய கூப்பே. பின் விளக்குகளைப் பாருங்கோ. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே விளக்குத்தான் என்றால் 1500. அதற்கு மேலே சிக்னலுக்கென்று தனி வட்ட விளக்கு இருந்தால் 1600. விளக்குகள் டிக்கி மூடிக்குக் கீழே படுக்கையாக இருந்து, முன் கிறில்லின் கம்பிகளும் உள்வாங்கி இருந்தால் 1600 மார்க் 2. உங்கள் தேதிக்கு 1500இன் கடைசிக் காலக் காராக இருக்கத்தான் வாய்ப்புக் கூட.

1500இன் செஸி இலக்கத்துக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு எண்ணும் வரும். எச், டி என்றால் எம்.ஜீ.ஏ. திறந்த கார். மூன்றாம் எழுத்து நிறம்: ஏ கறுப்பு, கே சிவப்பு. அடுத்த எண் கார் எந்தச் சந்தைக்குக் கட்டப்பட்டது என்பதைக் காட்டும். 1 இங்கிலாந்துக்குள் விற்க, 2 வலக்கை ஓட்டு ஏற்றுமதி, 4 வட அமெரிக்காவுக்கு இடக்கை ஓட்டு. கொழும்பு ஏஜென்ட் புதிதாக இறக்கிய கார் 2 ஆக இருக்க வேண்டும். 1 வந்தால், லண்டனில் படித்தோ வேலை செய்தோ திரும்பிய ஒருவர் கையோடு கொண்டுவந்த காராக இருக்கலாம். அப்படியானால் அப்பா இரண்டாவது உரிமையாளர், உள்நாட்டுப் பதிவுத் தேதியும் கட்டிய தேதியும் ஒத்துப்போகாது. 1600இல் இந்த முறை மாறிவிட்டது, ஜீ.எச்.என். என்று தொடங்கும், நிறம் அதில் இல்லை.

இலக்கம் கிடைத்தால் இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழ் எடுக்கலாம். கட்டிய தேதி, அசல் எஞ்சின் இலக்கம், நிறம், உள்சீட்டு நிறம், எந்த நாட்டுக்குப் போனது எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எழுதித் தருவார்கள். அந்தப் பதிவேடு கார் இலக்க வரிசையில் இருப்பது. உரிமையாளர் பெயரையோ இலங்கைப் பதிவு இலக்கத்தையோ வைத்து அங்கே தேட முடியாது.

நாரஹேன்பிட்டி வரிசை

படத்தை முதலில் சரியாக ஸ்கேன் பண்ணுங்கோ. போனில் எடுத்த படம் போதாது. பிரின்ட் என்றால் 1200 டி.பி.ஐ., நெகட்டிவ் இருந்தால் 2400க்கு மேல். காலுக்குப் பின்னால் ஓர் எண்ணின் மேல் வளைவு மட்டும் தெரிந்தாலும் 2, 3, 6, 8, 9, 0 என்று ஆறுக்குள் சுருங்கிவிடும். இப்போது உங்களிடம் ஆயிரம் எண்கள். ஓர் எண் கிடைத்தால் நூறு. மற்ற இரண்டு படங்களில் பின் தகடு எங்காவது நிழலில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கோ.  

முழு இலக்கம் வந்த பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத் தளத்தில் போட்டுப் பாருங்கோ. ஐம்பதுகளின் கார் எல்லாம் கணினியில் ஏறியிருக்கும் என்று இருக்க வேண்டாம். அங்கே இல்லை என்றால் கார் இல்லை என்று அர்த்தமும் இல்லை. பழைய கையெழுத்துப் பதிவேட்டில் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு நல்ல வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம். திணைக்களத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழு.

இங்கேதான் பலர் சறுக்குவது: "இப்போதைய உரிமையாளரின் பெயரும் விலாசமும் தாருங்கள்" என்று கேட்டால் பிரிவு 5இன் கீழ் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், அது நியாயமும்தான். அதைக் கேட்காமல் வாகனத்தைப் பற்றி மட்டும் கேளுங்கோ. பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா, ரத்தானதா? முதற்பதிவுத் தேதி என்ன? பதிவேட்டில் உள்ள செஸி, எஞ்சின் இலக்கங்கள் எவை? எஞ்சின் மாற்றம் அல்லது நிற மாற்றம் பதியப்பட்டதா? அதோடு அப்பாவின் பெயர் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பதிவில் இருந்தது என்றும் கேட்கலாம். மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ் பிரதிகளை இணையுங்கோ.

பதிலைப் பார்த்து அதிர வேண்டாம் என்று ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்கிறேன். பதிவில் இன்னும் அப்பாவின் பெயரே இருக்கக்கூடும். இங்கே ஓபன் பேப்பரில் கார் கைமாறுவது சாதாரணம். விற்றவர் கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றப் படிவத்தை வாங்கியவர் பதியாமல் வைத்துக்கொண்டு, அப்படியே அடுத்தவருக்குக் கொடுப்பார். மூன்று நாலு கை மாறினாலும் புத்தகத்தில் பழைய பெயர்தான். அப்படி இருந்தால் கார் உங்களுடையது என்று நினைக்கவும் கூடாது, வைத்திருப்பவரை அப்படிச் சொல்லிப் பயமுறுத்தவும் கூடாது. அவர் காசு கொடுத்து வாங்கியவர்.

பழைய பத்திரிகை

இலக்கம் முழுதாகக் கிடைக்காவிட்டால் 1974ஐப் பிடியுங்கோ. விற்ற மாதம் ஏறத்தாழத் தெரிந்தாலே போதும், கொழும்பு 7 தேசிய சுவடிகள் கூடத்தில் அந்த மாதத்து டெய்லி நியூஸ், ஒப்சர்வர் பத்திரிகைகளின் வாகன விளம்பரங்களைப் பார்க்கலாம். ஞாயிறு இதழிலிருந்து தொடங்கினால் வேகம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் என்பதால் ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரம் நிறைய இராது, கண்ணில் படும்.

வாங்கியவர் கண்டிப் பக்கம் என்கிறீர்கள். அந்த வயது எம்.ஜீ. ஒன்றை மலைநாட்டில் வாங்கியவர் அதை நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கோ, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த ஓடுபாதைப் பந்தயத்துக்கோ கொண்டுபோயிருக்கலாம். மகாகஸ்தொட்ட 1934 முதல் நடக்கிற போட்டி. அந்நாளைய நிகழ்ச்சி நிரல்களில் ஓட்டுநர் பெயரும் கார் வகையும் அச்சாகும். சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், கிளாசிக் கார் கிளப் ஒஃப் சிலோன் இரண்டிலும் மூத்த அங்கத்தவர்களிடம் படத்தோடு கேளுங்கோ. இலங்கையில் எம்.ஜீ.ஏ. வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சின்ன வட்டம்.

மூத்த மகள், வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. பின் விளக்கு ஒவ்வொன்றுதான், கதவில் கைப்பிடி இல்லை. அலுமாரியில் 1966 கராஜ் பில் ஒன்று கிடைத்தது. செஸி இலக்கம் அதில் இல்லை, எஞ்சின் இலக்கம் இருக்கிறது. 15 ஜீ.டி. என்று தொடங்குகிறது. இது உதவுமா? படத்தில் இடது முன் மட்கார்டில் ஏரியல் ஒன்று தெரிகிறது.

அபிங்டன்

நல்லாவே உதவும். 15 ஜீ.டி. 1500 மொடலின் பிற்பகுதியில் வந்த எஞ்சின், 1959க்குப் பொருந்துகிறது. 1966இலும் அசல் வகை எஞ்சின்தான் இருந்திருக்கிறது. தகவல் உரிமை விண்ணப்பத்தில் 1 ஸ்ரீ 4, எம்.ஜீ., இந்த எஞ்சின் இலக்கம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கோ. இன்சூரன்ஸ் கோர்ப்பரேஷன் 1961இல் வந்தது, 1966 பொலிசி அங்கே இருந்திருக்கலாம். அந்தக் காகிதம் ஏதும் வீட்டில் கிடந்தால் இரண்டு இலக்கமும் இருக்கும்.

ஆனால் இன்று கிடைக்கிற காரில் அந்த எஞ்சின் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுபதுகளில் உதிரிப்பாகம் வராத காலத்தில் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் எஞ்சினைத் தூக்கிப் போட்டு ஓட்டினார்கள். அதே பி சீரிஸ் குடும்பம், சின்ன மாற்றங்களோடு உட்காரும். பிளக் இருக்கும் வலப் பக்கம், புளொக்கின் மேற்பகுதியில் உள்ள இலக்கத்தின் முன் எழுத்துகள் காட்டிக் கொடுத்துவிடும். எஞ்சின் வேறு என்பதற்காக அப்பாவின் கார் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

செஸி இலக்கத் தகடு பொனட்டுக்குள், எஞ்சினுக்குப் பின் சுவரில் இருக்கும். தகட்டைச் சுற்றிய பெயின்ட் உடைந்திருக்கிறதா, ரிவெட் புதிதா என்று பாருங்கோ. இதில்தான் ஏமாற்று நடக்கும். செத்த காரின் புத்தகத்தையும் தகட்டையும் எடுத்து இன்னொரு உடம்பில் போடுவது இங்கே நடந்திருக்கிறது. அதைப் பிடிக்க உடம்பைப் பார்க்க வேண்டும். எம்.ஜீ.ஏ.யின் பொனட், டிக்கி மூடி, கதவுத் தோல் மூன்றும் அலுமினியம், மட்கார்ட் இரும்பு. காந்தம் கதவில் ஒட்டாததைப் பார்த்து உள்ளே ஓட்டையை அடைத்த பூச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். முன் மட்கார்டில் ஒட்டாவிட்டால்தான் பூச்சு. ஏரியல் துளை பெரிய சாட்சி. மேலே அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தாலும் சக்கரத்தின் பக்கமிருந்து டோர்ச் அடித்தால் வெல்டிங் புள்ளி தெரியும், மட்கார்டையே மாற்றியிருந்தால் ஒழிய. அசல் நிறத்துக்கு டாஷ்போர்டின் பின்பக்கத்தையும், டிக்கிக் கம்பளத்தின் கீழையும் பாருங்கோ. 1500க்கு வந்த சிவப்பு ஓரியன்ட் ரெட்.

நாரஹேன்பிட்டி வரிசை

இன்னும் இரண்டு சாத்தியங்களையும் சொல்ல வேண்டும். கார் 1974க்குப் பிறகு கொழும்புக்குத் திரும்பித் தமிழர் ஒருவரிடம் இருந்திருந்தால், 83 ஆடியில் எரிந்திருக்கக்கூடும். அப்படி எரிந்த வாகனங்கள் எல்லாமே பதிவில் ரத்தாகவில்லை. ஆகவே பதிவு நடப்பில் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி மகிழ்ந்துவிடாதீர்கள், காரைக் கண்ணால் காண வேண்டும்.

மற்றது வெளிநாடு போயிருப்பது. இங்கிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கிலாந்துக்கும் போயிருக்கின்றன. போனால் அங்கே வேறு இலக்கத் தகடு, ஆனால் செஸி இலக்கம் அதேதான். எம்.ஜீ. கார் கிளப்பின் எம்.ஜீ.ஏ. பிரிவுக்கும், அமெரிக்கா என்றால் வட அமெரிக்க எம்.ஜீ.ஏ. ரெஜிஸ்டருக்கும் எழுதலாம். பெயர் தரமாட்டார்கள். உங்கள் கடிதத்தை உரிமையாளருக்கு அனுப்பிவிடக் கேளுங்கோ. கடிதத்தின் முதல் வரியிலேயே வாங்கவோ உரிமை கோரவோ இல்லை என்று எழுதிவிடுங்கோ, படங்களின் பிரதி தருவதாகவும் சொல்லுங்கோ. பழைய படம் என்றால் எந்தக் கிளாசிக் கார்க்காரரும் பதில் போடுவார்.

அபிங்டன்

ஒன்றை மறந்துவிட்டேன், அக்கா. செஸி இலக்கம் கையில் வந்தால் முழுவதையும் இங்கே எழுத வேண்டாம். யாராவது அதை வைத்துத் தகடு அடித்துவிடலாம். முன்னால் வரும் எழுத்துகளையும் இரண்டு எண்களையும் மட்டும் போடுங்கோ, 1ஆ 2ஆ என்று பார்த்து அடுத்து எங்கே எழுதுவது என்று சொல்கிறேன்.