மறுமொழி: மிசுதாஷிக்கு 'ஊறுசாறு' என்ற சொல்

> 'குளிர் ரசம்' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம்.

மிசுதாஷிக்குத் தமிழ்ப்பெயராகக் 'குளிர் ரசம்' எனக்கு ஒப்பவில்லை. ரசம் என்றதும் புளியும் மிளகும்தான் நாக்கில் நிற்கும். இந்த ஜப்பானியச் சாற்றில் இரண்டும் கிடையாது. 'மிசு' என்றால் தண்ணீர். 'தாஷி', வெளியே எடுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. கொதிக்கவிடாமல் தண்ணீரிலேயே சாரத்தை இறக்குவதுதான் விஷயம். ஃப்ரிட்ஜில் வைப்பது ஊறும்போது கெடாமல் இருக்கத்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் கொன்பு, அதாவது உலர்ந்த கடற்பாசிப் பட்டை, ஓர் இரவு ஊறினால் போதும். கொதித்தால் வழவழப்பும் கடல் வாடையும் ஏறிவிடும்; ஊறினால் தெளிவாக வரும். கொன்பின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் என்று 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கிகுனாயே கண்டறிந்தார். இதோடு கட்சுவோபுஷி சீவலையும் ஊறவைப்பார்கள். அது புகையூட்டி உலர்த்திய சூரை மீன். நம் மாசிக் கருவாட்டுக்கும் அதே மீன்தான்! அதிலுள்ள இனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருள் குளுட்டமேட்டோடு சேரும்போது சுவை பல மடங்கு கூடும்.

'ஊறல்' என்று முதலில் நினைத்தேன். ஆனால் செய்தித்தாள்களில் அது சாராய ஊறலாகிவிட்டது. அதனால் 'ஊறுசாறு'. ஊறுகாய் போன்ற வினைத்தொகை, யாருக்கும் விளக்க வேண்டாம். சூடாக்கி எடுக்கும் நிதாஷிக்குக் 'கொதிசாறு' என்று இணையும் கிடைக்கிறது. இவ்வகைச் சாறுகளின் பொதுப்பெயர் தாஷியாகவே இருக்கட்டும்.

அப்புறம், மிசுதாஷி பற்றிய வரைவில் 'சத்துமிக்க பானம்' என்று இருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இதில் கலோரியும் புரதமும் மிகக் குறைவு; எலும்புச் சாறுபோல் ஜெலட்டினும் இல்லை. உண்மையான நன்மை, சுவை நிறைவதால் உப்பைக் குறைக்கலாம் என்பதே. கடையில் வாங்கும் தாஷிப் பொடிக்கு இது பொருந்தாது, அதிலேயே உப்பு உண்டு. அயோடின் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும்: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், ஒரு கிராம் கொன்பிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கும், அது தண்ணீரிலும் இறங்கும். தைராய்டு தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயன்களில் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், சவான்முஷி என்ற ஆவியில் வேகவைத்த முட்டைப் பண்டம், கோடையில் சோமென் நூடுல்ஸைத் தொட்டுச் சாப்பிடும் குளிர்ந்த சாறு, இவை போதும். இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதையும் சேர்க்கலாம்.

'கொம்பு' என்று எழுதினால் மாட்டுக்கொம்பாகிவிடும். 'கொன்பு' என்றே எழுதலாமா? மற்றவர்களும் சொல்லுங்கள்.