வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களே, மனதை விட்டுப் போகாத நோயாளி யார்?

திபிலிசி மாணவி:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜார்ஜியா, தனியார் பல்கலை, ஐந்தாம் ஆண்டு, மெடிசின் போஸ்டிங், அதாவது பொது மருத்துவ வார்டில் பயிற்சி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளிகள் பேசுவது ஜார்ஜிய மொழி. இரண்டுக்கும் நடுவில் ஆசிரியர் ஒருவர் மட்டும். இங்கே படிக்கும் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

ஹார்ட் ஃபெயிலியர் கேஸ். தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் ஒரு பாட்டி சாய்ந்திருந்தார். கால் வீக்கத்தைக் காட்டுவதற்காக ஆசிரியர் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து எடுத்தார். குழி விழுந்தது, மெல்ல மெல்ல மேலே வந்தது. "ஒவ்வொருவராகச் செய்து பாருங்கள்" என்றார். வரிசையாக வந்து அதே காலில் அதே இடத்தில் அழுத்தினோம். என் முறை வருவதற்குள் அந்த இடம் சிவந்துவிட்டது. நான் விரலை வைக்கும் முன் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தள்ளிவிடவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நிறையப் பேசினார். நடுவில் ஓர் இடத்தில் குரல் கம்மியது. பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தார்.

ஆசிரியர் எங்களிடம், "களைப்பாக இருக்கிறதாம்" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம்.

ஜார்ஜிய மொழிப் பாடம் எங்களுக்கு உண்டு. வலிக்கிறதா, எங்கே, எப்போதிலிருந்து, மூச்சை இழுங்கள், விடுங்கள் எல்லாம் கேட்கத் தெரியும். பதில் நீண்டால் பிடிபடாது. அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது 'மகன்' என்பது மட்டும்தான். களைப்பைச் சொல்லும்போது மகன் எங்கிருந்து வந்தான்? அதற்குப் பிறகு எங்கள் குழுவுக்கு வேறு மருத்துவமனை. இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள்.

டூட்டி இரவு:

பிலிப்பைன்ஸ், தாவோ. படிப்பு 54 மாதமாவது இருக்க வேண்டும் என்ற இந்திய விதி வந்த 2021 நவம்பர் 18-க்கு முன்பே நான் சேர்ந்துவிட்டேன், அதனால் அந்தக் கணக்கை என்னிடம் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கிளர்க்‌ஷிப்பில் ப்ரீ-டூட்டி, டூட்டி, ஃப்ரம்-டூட்டி என்று, அதாவது டூட்டிக்கு முந்தின நாள், டூட்டி நாள், மறுநாள் என்று வார்டில் சுற்றிக்கொண்டிருந்த காலம். பாடமும் கேஸ் ஷீட்டும் ஆங்கிலம், நோயாளி பேசுவது பிசாயா.

வென்டிலேட்டர் எதுவும் காலியாக இல்லை. தொண்டையில் குழாய் போட்ட ஒரு பெரியவருக்கு ஆம்பு பையைக் கையால் அழுத்தித்தான் மூச்சு. எனக்குக் கை ஓய்ந்தால் அவருடைய மகள் வாங்கிக்கொள்வாள். ஆறு விநாடிக்கு ஒரு தடவை, பலமாக அழுத்தாதே, நெஞ்சு மேலே வருகிறதா பார் என்று காட்டிக் கொடுத்திருந்தேன். முதலில் ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். விடியும் நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு அப்பாவிடம் ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் ஒரு அழுத்து. எனக்குப் பயமாகிவிட்டது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு விநாடி பிசகவே இல்லை.

என் டூட்டி முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மறுபடி போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர்.

தங்கச்சி, அந்தப் பாட்டி பேசியது உங்களுக்குப் புரியவில்லை என்று வருந்துகிறீர்கள். நானும் அந்தப் பெண் பேசியதில் ஒரு வாக்கியம்கூடப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் என் கையில் வேலை இருந்தது. வார்டில் மாணவனுக்கு வேலையே கொடுக்காமல் வரிசையில் நிற்க வைப்பதுதான் உண்மையான பிரச்சினை, மொழி அதற்கு அப்புறம்தான்.

தீவுக் கல்லூரி:

மொழி அப்புறம்தான் என்று சொல்ல வேண்டாம் நண்பரே. என் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கரீபியன் தனியார் கல்லூரி. அடிப்படைப் பாடங்கள் தீவில், அமெரிக்க உரிமத் தேர்வின் முதல் பகுதியான ஸ்டெப் 1 முடித்த பிறகு ரொட்டேஷன், அதாவது வார்டுப் பயிற்சி, அமெரிக்காவில். எமர்ஜென்சியில் ஒரு பெண் வந்தார், ஸ்பானிஷ் மட்டும் பேசுவார். கூட வந்த மகனுக்குப் பத்து வயது இருக்கலாம். அவன்தான் எங்களுக்குச் சொன்னான்: "அம்மாவுக்கு வயிறு வலி, நேற்றிலிருந்து." அவ்வளவுதான் அவன் சொன்னது. அம்மா அவனிடம் பேசியதும் அவ்வளவுதான். மகன் முகத்தைப் பார்த்து அளந்து அளந்து பேசினார். பயிற்சி டாக்டரான ரெசிடென்ட் அங்கேயே நிறுத்தினார். நர்ஸ் பையனை வெளியே கூட்டிப்போனார். சக்கர ஸ்டாண்டில் பொருத்திய திரையை உருட்டிக்கொண்டு வந்தார்கள், அதில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார்.

அவர்கள் "இவர் இப்படிச் சொல்கிறார்" என்று பேசுவதில்லை. நோயாளி 'நான்' என்றால் அவர்களும் 'நான்' என்றே சொல்வார்கள். எங்கேயோ உட்கார்ந்திருந்த ஓர் ஆண், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாத குரலில் சொன்னார்: "எனக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. நான் கர்ப்பமாக இருப்பது என் மகனுக்குத் தெரியாது."

கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். ஸ்கேன் முடிந்ததும் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். பையனை வைத்தே ஹிஸ்டரி, அதாவது நோய் விவரம், எடுத்திருந்தால் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி வாங்கும் மருத்துவமனை, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை நோயாளியிடம் காசு வாங்காமல் தர வேண்டும். உயிர் போகிற அவசரத்தைத் தவிர மற்ற நேரத்தில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. இது சட்டம். திபிலிசி தங்கச்சி, உங்கள் ஆசிரியர் நல்ல மருத்துவராக இருக்கலாம். பாடம் எடுத்துக்கொண்டே ஒருவர் மொழிபெயர்ப்பதும், மொழிபெயர்ப்பை மட்டுமே வேலையாகச் செய்வதும் ஒன்றாகாது.

பழைய சீனியர்:

அமெரிக்காவையும் ஜார்ஜியாவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அங்கே நோயாளிக்கு மொழி தெரியாது, அதனால் மொழிபெயர்ப்பாளர். இங்கே மொழி தெரியாதது மாணவருக்கு. அதற்காக மருத்துவமனை ஆள் வைக்குமா? ஆசிரியர் சுருக்கிச் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பாட்டி குடும்பக் கதை ஏதாவது சொல்லியிருப்பார்.

என் கதை சின்னது. நானும் ஜார்ஜியாதான். நிமோனியாவுக்குச் சேர்ந்த ஒரு தாத்தா, தினமும் என்னைப் பார்த்ததும் தானே சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பிக்கொள்வார், ஸ்டெத் வைப்பதற்கு. டிஸ்சார்ஜ் ஆகிக் கனத்த மேல்கோட்டுடன் வராந்தாவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், உடனே கோட்டுப் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். மகள் வந்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

இப்போது சேரப் போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தனியார் பல்கலை என்றால் முதலில் கேட்க வேண்டியது, சொந்த மருத்துவமனை இருக்கிறதா, ஒப்பந்தத்தில் ஓடுகிறதா என்பதுதான். ஒப்பந்தம் என்றால் நகரம் முழுக்க அலைய வேண்டும், எந்த வார்டிலும் உங்களை யாருக்கும் தெரியாது. இந்தத் தங்கச்சி சொல்லும் 'அதற்குப் பிறகு வேறு மருத்துவமனை' அப்படித்தான் வருகிறது. ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். உலக மருத்துவக் கல்லூரிகளின் பட்டியலான வேர்ல்ட் டைரக்டரியில் பெயர் இருக்கிறது என்று ஏஜென்ட் காட்டுவார். அதில் பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது, அந்த டைரக்டரியே அப்படித்தான் சொல்கிறது. மருத்துவக் கல்விக்கான உலகக் கூட்டமைப்பான டபிள்யூஎஃப்எம்இ-யின் அங்கீகாரம் என்பார்கள். அது கல்லூரிகளை நேரடியாக அங்கீகரிப்பதில்லை, கல்லூரிகளை ஆய்வு செய்யும் அமைப்புகளைத்தான் அங்கீகரிக்கிறது.

இந்தியாவுக்குத் திரும்புகிற எண்ணம் இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள். ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப், அந்த நாட்டிலேயே பிராக்டிஸ் செய்வதற்கான உரிமம் பெறும் தகுதி, திரும்பிய பிறகு இந்தியாவில் 12 மாத இன்டர்ன்ஷிப். ஜார்ஜியாவில் படிப்பு ஆறு வருடம், 360 கிரெடிட். அந்த இன்டர்ன்ஷிப் ஆறு வருடத்துக்குள்ளேயே வருகிறதா, தனியாகவா என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு செல்லாது. வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் 300 கேள்வி, 150 வாங்கினால்தான் பாஸ். மூன்றாம் ஆண்டிலேயே கேள்விகளைப் போட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு இஆர்பிஎம் தேர்வு, பிரிட்டனுக்கு பிளாப் தேர்வு. பிளாப் இரண்டாம் பகுதியில் நோயாளியாக நடிப்பவரிடம் நீங்கள் பேச வேண்டும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். வாய் திறக்காமல் ஆறு வருடம் வார்டில் நின்றவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

திபிலிசி மாணவி:

அண்ணா, நான் ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'குடும்பக் கதை ஏதாவது' என்று தள்ளிவிட முடியவில்லை. மாத்திரை வாங்கித் தர மகன் இல்லை என்று சொல்லியிருந்தால்? ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கு மறுபடி மூச்சுத் திணறல் வருவதற்கு மாத்திரையை விட்டுவிடுவது ஒரு முக்கியக் காரணம் என்று அதே ஆசிரியர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

கார்கிவ் மெட்ரோ:

சீனியர் அண்ணா, நீங்கள் சொன்னதை எல்லாம் விசாரித்துத்தான் நானும் உக்ரைனில் சேர்ந்தேன். 2022 பிப்ரவரி 24 விடிகாலை குண்டுச் சத்தத்தில் எழுந்தேன். எதை விசாரித்திருந்தால் அது தெரிந்திருக்கும்? 'சரியாகப் பார்த்துச் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது' என்கிற மாதிரி எழுதுவதைப் படித்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கார்கிவ் மெட்ரோ நிலையத்தில் தங்கியிருந்தோம். அவசரத்தில் பையில் போட்டுக்கொண்டு ஓடிய பொருள்களில் பிபி பார்க்கும் கருவியும் இருந்தது. நான் மூன்றாம் ஆண்டு. அதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்து நீட்டினார். தலையைத் தொட்டுக் காட்டினார். பட்டையைக் கட்டினேன். ஸ்டெத் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை, பிளாட்பாரம் முழுக்கக் குழந்தைகள் அழுகிற சத்தம். மணிக்கட்டில் விரலை வைத்து, நாடி அடங்கும் வரை காற்றை ஏற்றி, மெல்ல இறக்கினேன். நாடி திரும்பத் தட்டியபோது முள் 210-இல் இருந்தது. பிபியின் கீழ் எண்ணை அந்த முறையில் பார்க்க முடியாது, மேல் எண்ணே போதுமானதாக இருந்தது. எண்ணை மொபைலில் எழுதிக் காட்டினேன். அவர் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். எல்லாக் குழியும் காலி. அட்டையின் பின்புறம் இருந்த பெயர் எனக்குத் தெரியும், அதே மருந்தை ஃபார்மகாலஜியில் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு மாத்திரை இல்லை. மேலே மருந்துக்கடைக்குப் போக முடியாது.

நாங்கள் மேற்கு எல்லை வழியாக வெளியே வந்துவிட்டோம். அந்த செப்டம்பரில் மொபிலிட்டி திட்டத்தை இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்றுக்கொண்டது. வேறு நாட்டில் படித்து, பட்டம் மட்டும் பழைய பல்கலையிலிருந்து வாங்க அனுமதித்தார்கள். அப்படித்தான் முடித்தேன். இன்று பிபி 200-க்கு மேல் எந்த நோயாளி வந்தாலும், கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

பழைய சீனியர்:

தம்பி, போரை நான் சொல்லவில்லை. உங்கள் அனுபவத்துக்கு முன் என் பட்டியல் ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர் இல்லாத நாட்டிலும் விசாரிக்காமல் சேர்ந்து வருடத்தைத் தொலைத்தவர்களை நான் பார்க்கிறேன், அவர்களுக்காகத்தான் எழுதினேன். லாக்புக்கைக் கேட்டுப் பாருங்கள் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டேன். மாணவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பது அதில் இருக்கும்.

நீலக் கேனுலா:

லாக்புக்கில் இருப்பதெல்லாம் நடந்தது என்று நம்ப வேண்டாம் அண்ணா. 'செய்தார்' என்ற கட்டத்தில் கையெழுத்து இருக்கும், அன்று அந்த மாணவர் கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நின்றிருப்பார். என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

கிர்கிஸ்தான், பிஷ்கெக். நெஃப்ராலஜி, அதாவது சிறுநீரக வார்டு. நல்ல நர்ஸ் ஒருவர், மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் கேனுலாவை என் கையில் கொடுத்து "நீ போடு" என்று சைகை காட்டினார். நீல நிறம், 22 அளவு. நோயாளி பல வருடமாக டயாலிசிஸ் செய்கிறவர், காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். நான் பக்கத்தில் போனதும் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அந்தக் கையில் ஃபிஸ்டுலா, டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை ஆபரேஷனில் இணைத்த இடம். அதில் ஊசி போடக் கூடாது, பிபிகூடப் பார்க்கக் கூடாது. சரி என்று வலது கையில் டூர்னிகே பட்டையை இறுக்கிக் கட்டினேன். முழங்கைக்குப் பக்கத்தில் நல்ல வெயின், பஞ்சால் துடைக்கப் போனேன். தலையை ஆட்டினார். என் விரலைப் பிடித்துத் தன் புறங்கையில் கொண்டுபோய் வைத்து, இங்கே என்று தட்டினார். அங்கே வெயின் மெல்லிசு, ஆனால் நேராக ஓடியது. தோலை இழுத்துப் பிடித்துச் செருகினேன், சேம்பரில் ரத்தம் தெரிந்தது. அவரே "ம்" என்று தலையசைத்தார்.

கிட்னி நோயாளிக்கு முன்கை வெயின்களைக் காப்பாற்ற வேண்டும், நாளைக்கு இன்னொரு ஃபிஸ்டுலா தேவைப்பட்டால் அவைதான் இருக்கும், அதனால்தான் புறங்கை. இது புத்தகத்தில் இருக்கிறது. எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழி கிடையாது. இத்தனை வருடமாக எத்தனை மாணவர்களின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்திருப்பார் என்று யோசிக்கிறேன். அவருக்கு நன்றி சொல்லக்கூட நர்ஸைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

சேரப் போகிறவர்கள் லாக்புக்கைப் பார்க்க வேண்டாம். அங்கே படிக்கும் இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, நீங்களே கேனுலா போட்டிருக்கிறீர்களா, நீங்களே ஹிஸ்டரி எடுத்திருக்கிறீர்களா, எந்த மொழியில் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஏஜென்ட் அறிமுகப்படுத்தி வைக்கும் மாணவரிடம் கேட்காதீர்கள், நீங்களாகத் தேடிப் பிடித்தவரிடம் கேளுங்கள்.